ஐந்நூற்றோராவது பெட்டி

ஸ்ட்ராபெர்ரி என்று ஒரு பழம் உண்டு என்பதே எனக்கு அதன் வாடையை வைத்துத்தான் தெரியும். பழத்தைக் கண்ணால் பார்த்தது பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகைக்குள், தினமும் எட்டு மணி நேரம் அந்த வாடையில் ஊறிக் கிடந்தேன். இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் ரோஸ் நிற ஐஸ்கிரீமை என் முன்னால் நீட்டினால் குடலைப் பிரட்டுகிறது. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சவத்தை வேண்டியவர்கள் தின்றுவிட்டுப் போகட்டும்.

அது பூ ஏற்றுமதி செய்கிற கம்பெனி. பூ என்றால் நிஜப் பூ இல்லை, நெட்டிப் பூ. வடக்கே சதுப்பு நிலத்தில் வளர்கிற நெட்டித் தண்டின் உள்ளே, கற்றாழைச் சோறு என்கிறோமே அது மாதிரி, வெள்ளையாக மெத்தென்று ஒரு சோறு இருக்கும். அதைக் காகிதம் போலச் சீவிச் சுருள் சுருளாக லாரியில் அனுப்புவார்கள். இங்கே சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வீட்டில் வைத்து அதை நறுக்கி, நூல் கட்டி, ரோஜா, தாமரை என்று பெயருக்கு ஒரு உருவம் பண்ணிக் கொண்டுவந்து போடுவார்கள். கொட்டகைக்குப் பின்னால் சாயத் தொட்டிகள் இருந்தன. சாயம் ஏற்றிக் காயவைத்து, சென்ட் எண்ணெய் தெளித்து, அதன் பிறகுதான் எங்கள் மேஜைக்கு வரும். நாங்கள் எண்ணிப் பாலித்தீன் பையில் போட்டு, பைகளைச் சின்னப் பெட்டியில் அடுக்கி, சின்னப் பெட்டிகளைப் பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவோம். பெட்டிகள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறும்.

எழுதும்போது ஏதோ நேர்த்தியான வேலை போலத் தெரிகிறது. அந்தச் சாயத் தொட்டிப் பக்கம் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும். பச்சையும் ஊதாவும் கலந்து ஓடையில் இறங்கி, நெல் வயல் வரப்போரம் நுரையாகத் தேங்கி நிற்கும். ஆலையில் மிச்சமிருந்த பழைய உமி அதில் ஊறிப் புளித்து நாறும். அதன் மேலே ஸ்ட்ராபெர்ரி, ரோஜா, வெனிலா. மூன்றையும் சேர்த்து மூக்கில் ஏற்றிக்கொண்டு பதினோரு பெண்கள் உட்கார்ந்து பூ எண்ணுவோம். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து மோர்ச்சோற்றைப் பிசைந்தால், விரலில் ஏறிய சாயம் பட்டுச் சோறு ரோஸ் நிறமாகிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது, புளி போட்டாலும் போகாது. முதல் மாதம் முழுக்க நான் சோற்றை வாயில் வைத்துவிட்டு வேலியோரம் ஓடியிருக்கிறேன். புதிதாகக் கல்யாணம் ஆனவள் என்பதால் மற்ற பெண்கள் அதற்கு வேறு அர்த்தம் பண்ணி, மாங்காய் வேணுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். எரிச்சலாக வரும்.

ஒருநாள் சின்னப் பெட்டியில் ஒட்டுவதற்குப் படம் போட்ட லேபிள் வந்தது. வழவழப்பான தாளில் ஒரு வெள்ளைக் கிண்ணம், அது நிறைய நம் நெட்டிப் பூ. கிண்ணம் எதன் மேல் இருக்கிறது என்று உற்றுப் பார்த்தோம். ஒருத்தி கண்டுபிடித்து அலறினாள்.

"ஏ யம்மா! இது கக்கூஸுல்லாட்டி!"

உண்மைதான். மேல்நாட்டுக் கக்கூஸ். அதன் தண்ணீர்த் தொட்டி மேல் கிண்ணம் இருந்தது. முதலாளியிடம் கேட்டோம். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நெற்றி நிறைய விபூதியும் மெதுவான குரலுமாக, பேசும்போது கையைக் கட்டிக்கொள்வார்.

"அங்கன குளிக்கது, போறது எல்லாம் ஒரே ரூம்புதாம்மா. வாடை வராம இருக்க இதை வைப்பாவ. நம்ம ஊர்ல சாம்பிராணி போடுதோம்லா, அது மாதிரி" என்றார்.

சாம்பிராணியாம். அன்றிலிருந்து எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவில் வரும். ஒரு தேசத்துக்காரர்கள் கக்கூஸ் நாறாமல் இருக்க, நாங்கள் சோற்றை நாறடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து மேஜை அக்கா மட்டும், "பைய பேசுட்டி, சோறு போடுத வேலைய வையாத" என்றாள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் நூல் மில்லில் வேலை பார்த்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மில் குடியிருப்பைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டில் வந்து இருந்தாள். அண்ணன் வாயைத் திறக்காத மனுஷன். மதினிக்குத் திறந்த வாய் மூடாது. அக்கா குளிக்கிற தண்ணீருக்கும் அங்கே ஒரு பேச்சு உண்டு, கதவைச் சாத்தினாலும் ஒரு பேச்சு உண்டு.

கொட்டகையில் அவள்தான் எங்கள் எல்லோரையும்விட வேலை தெரிந்தவள். நெட்டிக்குத் தண்ணீர் என்றால் உயிர், காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். கையால் தொட்டுப் பார்த்தால் உலர்ந்த பூவுக்கும் அரை ஈரமான பூவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஈரப் பூவைப் பாலித்தீனில் போட்டு மூடினால் பத்தே நாளில் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அக்கா பெட்டிக்கு நாலு பூவை அங்கங்கே உருவி, மேல் உதட்டில் வைத்துப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் ஜில்லென்று ஒரு குளிர்ச்சி தட்டும் என்பாள். நானும் எத்தனையோ முறை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஸ்ட்ராபெர்ரி வாடையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னால் தப்பாது. ஆகவே எல்லா மேஜைப் பெட்டியும் டேப் ஒட்டுவதற்கு முன்னால் அவள் உதட்டுக்குப் போய்த்தான் வரும்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்தச் சாயம் அவள் உதட்டில் ஏறிவிட்டது. நல்ல சிவப்பு. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள், உமிக்கரி போட்டுத் தேய்ப்பாள், தோல் உரிந்ததே தவிர நிறம் போகவில்லை. மதினிக்கு அது போதாதா?

"தாலியறுத்த முண்டைக்கு உதட்டுச் சாயம் கேக்கு" என்று தெருவில் நின்று சொன்னாளாம். அக்கா இதை என்னிடம் பூ எண்ணிக்கொண்டே சொன்னாள், எண்ணிக்கை தப்பாமல் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அந்த மதினியின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேரில் கண்டால் நாலு கேட்டுவிடுவேன் என்று குதித்தேன். குதிக்க என்ன, அந்த வயதில் வாய்க்குக் குறைச்சலா?

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை ஒன்று வாடகைக்கு இருந்தது. அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். என்னை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினாள். சுவரில் சுண்ணாம்பு பொருக்கு விட்டிருந்தது, எலி வாடை அடித்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள்.

"நானே சாத்தணும், நானே தொறக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்ட்டி."

அதற்கு மாசச் சம்பளம் வேண்டும். எங்களுக்கெல்லாம் பெட்டிக் கணக்குக் கூலி, வேலை இல்லாத வாரம் ஒன்றும் கிடையாது. அண்ணாச்சி அதுவரை இன்னொரு பெரிய ஏற்றுமதிக்காரர் மூலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் தன் சொந்தப் பெயரில் முதல் கண்டெய்னர், ஐந்நூறு பெட்டி. அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அக்காவைச் செக்கிங் வேலைக்கு மாசச் சம்பளத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரம்மாவிடம் அக்கா, தை மாசம் வந்துவிடுகிறேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டு வைத்திருந்தாள்.

ஐப்பசியில் தொடங்கிய மழை கார்த்திகை முடிகிறவரை விடவில்லை. பாபநாசத்து மலை கண்ணுக்கே தெரியாமல் மூடிக் கிடந்தது. கொட்டகைச் சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. அடுப்பு மூட்டி, தணல் போட்ட கரித்தட்டு வைத்து, அதற்கு மேலே கட்டிய வலையில் பூவைப் பரப்பிக் காயவைத்தோம். புகையும் சென்ட்டும் சேர்ந்து தலைவலி மண்டையைப் பிளந்தது. மார்கழி பிறந்துவிட்டால் முதல் காரியம் தொடங்கக் கூடாது, தை வரை கப்பலும் காத்திருக்காது. ஆகவே கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் முதல் பெட்டி ஏற வேண்டும் என்று அண்ணாச்சி நாள் பார்த்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் மேஜைக்கு வந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா, நாளைக்கு நீ வீட்ல இருந்துக்கோ. கூலி உண்டு. தப்பா நினைக்காத, நான் அதெல்லாம் பாக்கவன் இல்ல. வீட்ல பொம்பளையாளுக சொல்லுதாவ. முதல் காரியம் பாத்தியா?"

அக்கா சரி என்றாள். ஐந்நூறு பெட்டிப் பூவையும் உதட்டில் வைத்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவள் அவள். அவள் தொட்ட பூ கப்பல் ஏறலாம், அவள் முகம் மட்டும் எதிரே வரக்கூடாது. அதுவும் கக்கூஸில் வைக்கிற பூவுக்கு. கத்தி, கூப்பாடு போட்டு ஒருவர் இதைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டு, உன் நல்லதுக்குத்தான் என்கிற மாதிரி சொன்னாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை. த்தூ என்றிருந்தது.

என் பக்கம் திரும்பி, "நீ நாளைக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நெறைய பூ வச்சிட்டு வாம்மா. மொத பெட்டிக்கு உன் கையால ஒட்டணும். புதுசா தாலி ஏறுன கை" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்குக் குளுகுளு என்றிருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நானும் அக்காவும் மட்டும் கடைசிப் பெட்டிகளைச் சரிபார்த்தோம். அதிகப்படியாகக் கட்டியதில் ஆறு பெட்டியை அவள் வேண்டாம் என்று ஒதுக்கினாள். டேப் ஒட்டாமல், பழைய நெல் அவிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் மூலையில் வைத்தாள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டாள்.

"ஆறும் ஈரம்ட்டி. ஒண்ணு போனாலும் பக்கத்துல இருக்கதெல்லாம் சேந்து கெட்டுரும். நாளைக்கு நான் இருக்க மாட்டேன். நீ பாத்துக்கோ."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க போங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மழை நின்றிருந்தது. கண்டெய்னர் லாரி வாசலில் நின்றது. மாவிலைத் தோரணம், வாழைப்பழம், தேங்காய், சூடம் எல்லாம் தயார். நான் கல்யாணப் பட்டைக் கட்டி, உச்சி முதல் கழுத்து வரை மல்லிகை வைத்துக்கொண்டு நின்றேன். சாயம் பிடித்த விரலை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அண்ணாச்சி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

"ஐந்நூறா? ஐந்நூறுன்னு மொட்டையாவா முடிக்கது? மொய் வச்சாக்கூட ஒண்ணு சேத்து வைப்போம். ஐந்நூத்தொண்ணா ஆக்குங்க. அந்தா மூலையில கெடக்குல்லா, அதுல ஒண்ண எடுங்க. டேப்பும் ஒட்டாம இருக்கு. அதுவே முதல் பெட்டியா இருக்கட்டும்."

சுமை தூக்குகிறவர் ஒருவர் போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து என் முன்னால் மனைப்பலகையில் வைத்தார். பெருக்கல் குறி என் பக்கம் பார்த்து இருந்தது.

வாயைத் திறந்திருக்கலாம். "அண்ணாச்சி, இது வேண்டாம், ஈரம்" என்று நாலு சொல். அவ்வளவுதான் வேலை. ஆனால் சூடம் ஏற்றியாயிற்று, நல்ல நேரம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நல்ல காரியத்துக்கு நடுவில் தும்மினவளையே ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கைராசிக்காரி என்று கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள், நான் அபசகுனமாக வாயைத் திறக்கவா? ஒரு பெட்டிதானே, ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு, இன்னொரு காரியமும் செய்தேன். சந்தனம் வைக்கிற இடத்தில் அந்தப் பெருக்கல் குறி அசிங்கமாகத் தெரிந்தது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் ஈரத்துணியை எடுத்து அதைச் சுத்தமாகத் துடைத்தேன். துடைத்த இடத்தில் சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, நேராக, சுருக்கம் இல்லாமல் டேப் ஒட்டினேன். குலவை போட்டார்கள். பெட்டி முதலில் ஏறி, கண்டெய்னரின் உள்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. அதன் மேலும் பக்கத்திலுமாக ஐந்நூறு பெட்டி ஏறியது.

மறுநாள் அக்கா வந்தாள். நேரே மூலைக்குத்தான் போனாள்.

"ஏட்டி, ஆறு வச்சேன். அஞ்சுதான இருக்கு?"

லாரி அப்போதுதான் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். கப்பல் ஏற இன்னும் நாலைந்து நாள் இருந்தது. சொல்லியிருந்தால் கண்டெய்னரைத் திறந்து, சரக்கை இறக்கி, அந்த ஒரு பெட்டியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றிப் பூட்டியிருப்பார்கள். அண்ணாச்சி நாலு வார்த்தை வைதிருப்பார், நான் ஒரு மூச்சு அழுதிருப்பேன், அத்தோடு போயிருக்கும்.

"நீங்க அஞ்சுதானக்கா வச்சிய" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிகளைப் பார்த்தாள். விரலை நீட்டி ஒன்று இரண்டு என்று எண்ணினாள். "ஆறுன்னுல்லா நெனைச்சேன். மண்டைல ஒண்ணும் நிக்க மாட்டேங்கி" என்று தலையில் தட்டிக்கொண்டாள். அந்த ஐந்தையும் பிரித்துப் பூவைக் கரித்தட்டுக்கு மேல் வலையில் பரப்பினாள். பூ எண்ணும்போது ஒன்றுகூடத் தப்பாதவளை, ஆறு எது ஐந்து எது என்று தெரியாதவளாக நான் ஆக்கிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் மோர்ச்சோறு எனக்கு இறங்கவில்லை. சாயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம் வெளிநாட்டிலிருந்து கடுதாசி வந்தது, உள்ளே போட்டோக்களும் இருந்தன. கண்டெய்னரைத் திறந்ததும் வாடை தாங்க முடியவில்லையாம். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிப் படம் பிடித்திருந்தார்கள். பாதிக்கு மேல் அட்டையெல்லாம் கறுப்பு, பூவெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு மூடி, செத்த எலி மாதிரிக் கிடந்தது. சரக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஒரு படத்தில் எல்லாவற்றிலும் அதிகமாகக் கறுத்த பெட்டி ஒன்று தனியாக இருந்தது. அதில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் வழிந்து, கோடு கோடாக இறங்கியிருந்தது.

அண்ணாச்சி எங்கள் எல்லோரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார். குரல் அப்போதும் உயரவில்லை.

"எல்லாப் பெட்டியும் செக் பண்ணுனது ஆரு?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"இந்தக் குங்குமம் வச்ச பெட்டியையும் பாத்தியாம்மா?"

அக்கா போட்டோவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது. ஆறாவது பெட்டி.

"இதைப் பாத்தேன் அண்ணாச்சி. ஈரம்னு ஒதுக்கி, மூலையில வச்சேன். பெருக்கல் குறி போட்டு வச்சிருந்தேன்."

"எங்கம்மா இருக்கு பெருக்கல்? அன்னைக்கும் நாங்க ஆரும் பாக்கலியே. ஒண்ணும் எழுதாம வெறும் பெட்டியாத்தான் வந்துச்சு."

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். "ஏட்டி, நீ சொல்லு. ஒங்கிட்டதான சொல்லிட்டுப் போனேன்."

அண்ணாச்சியும் என்னைக் கேட்டார். "நீ அவ பக்கத்துலதான இருந்த. அவ இந்தப் பெட்டியப் பாத்தாளா?"

"பாத்தாவ அண்ணாச்சி" என்றேன்.

அதில் பொய் இல்லை. பார்த்தாள், பார்த்து வேண்டாம் என்று வைத்தாள். முதல் பாதியைச் சொல்லிவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் ஒரு ஊதா நிறத் தாமரை மிதிபட்டுக் கிடந்தது. அதையே பார்த்தேன். அக்கா இன்னும் ஏதாவது நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். 

"அவ தொட்ட சரக்க வச்சு முதல் காரியத்தத் தொடங்குனதே தப்பு" என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள். "கை அப்படி" என்றாள் இன்னொருத்தி. தினமும் அவளிடம் ஊறுகாய் வாங்கித் தின்ற மூதிகள். அண்ணாச்சி அவர்களை அதட்டினார். "அப்படிலாம் பேசப்படாது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீ இனி வர வேண்டாம்மா. ஒன்னக் குத்தம் சொல்லல. எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றார்.

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சாலையில் பஸ் வந்தது. அவள் ஏறாமல் நடந்தே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த நஷ்டத்தில் கம்பெனி மூடிவிடும் என்று எல்லோரும் பேசினார்கள். மூடவில்லை. அவருக்கு நிலபுலன் இருந்தது, எதையோ விற்றுச் சமாளித்தார். மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். செக்கிங்குக்கு ஒரு ஆள் வேண்டும், மாசச் சம்பளம், நீதான் அவள் பக்கத்தில் இருந்து வேலை பழகியவள் என்றார். "பெட்டி கெட்டதுக்கு ஒன் கை என்ன பண்ணும்? உள்ள இருந்த சரக்குதான கெட்டுப் போச்சு" என்று எனக்குச் சமாதானமும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் சொன்னபோது என் புருஷனுக்குச் சந்தோஷம். "பாத்தியா, நேர்மையா இருந்தா தானா தேடி வரும்" என்றான். நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் அந்தச் சந்தைக் கடந்தேன். ஒற்றை அறையில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள், வாசலில் ஒரு குழந்தையின் சட்டை காய்ந்தது. அண்ணன் வீட்டில் மதினி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பின்னால கெடக்கா, போயிப் பாரு" என்றாள். குதித்து நாலு கேட்கப் போவதாகச் சொன்னேனே, ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

அக்கா அவர்களுடைய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரிய குடும்பம், பாத்திரம் மலை போலக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையை எடுக்காமல், "வா" என்றாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி என் முன்னால் வந்ததை, நான் வாயைத் திறக்காததை, துடைத்ததை, ஐந்துதான் வைத்தாய் என்று சொன்னதை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. என் அழுகைச் சத்தமே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தொடச்சது மட்டும் தெரியாது. மத்ததெல்லாம் போட்டோவப் பாத்த அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"மனசு ஆறலக்கா. அதான் ஒங்ககிட்ட சொல்லிரணும்னு வந்தேன்."

"எங்கிட்ட எதுக்குட்டி சொல்லுத? நான் ஒன்னைய வேலைக்கு வச்சிருக்கனா? அண்ணாச்சிகிட்ட போயிச் சொல்லு. அந்தப் பொம்பளையெல்லாம் நிக்கும்போது சொல்லு."

நான் மூக்கைச் சிந்தினேன். "சொன்னா என் வேலை போயிரும்க்கா. செக்கிங்குக்கு என்னத்தான் கேக்காவ."

அப்போதுதான் அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், வைவாள் என்று நினைத்தேன், கரிக்கையால் அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அப்பம் போ. மாசச் சம்பளம், விட்டுறாத" என்றாள். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

உள்ளேயிருந்து மதினி கூப்பிட்டாள். அக்கா கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போனேன். அண்ணாச்சியிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டு, அவள் மேஜையில் உட்கார்ந்தேன்.